சிங்கப்பூர்க் கார் போர்ச்சில் தச்சுப் பட்டறை: சூடேற்ற வேண்டியது எதை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். சிராங்கூன் கார்டனில் இடைவரிசைத் தரைவீடு. காரை விற்றுவிட்டதால் 5.5 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட கார் போர்ச் காலியாகக் கிடக்கிறது; பணி ஓய்வுக்குப் பிறகு அங்கே ஒரு மரவேலைப் பட்டறை அமைக்க விரும்புகிறீர்கள். டொரொன்டோவில் இருக்கும் உங்கள் தம்பி, தம் வீட்டுக் கராஜுக்குப் போட்ட திட்டத்தை அப்படியே உங்களுக்கு அனுப்பியிருக்கிறார். சுவரெங்கும் வெப்பத்தடுப்புப் பஞ்சு, அதன் உட்பக்கம் ஈரத்தடுப்புத் தாள், கூரையடியில் ஒரு ஹீட்டர் என்பது அவருடைய ஏற்பாடு. இவற்றில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று கேட்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய இழைப்புளிகள் அதற்குள் துருப்பிடித்தது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் கருத்து.

நான் கப்பல் பட்டறையில் தச்சனாகத் தொடங்கியவன். பதினேழு ஆண்டுகளாக, உங்களுடையதைப் போன்ற ஒரு போர்ச்சில்தான் வீட்டு வேலைகளைச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்கிறேன்: சிங்கப்பூரிலும் சூடேற்றத்துக்கு இடம் உண்டு, ஆனால் சூடேற்ற வேண்டியது அறையை அல்ல, கருவிகள் இருக்கும் அலமாரியை.

உங்கள் தம்பி எதற்காகச் சூடேற்றுகிறார் என்பதைப் பார்த்தால் இது விளங்கும். கனடாவின் குளிர்காலத்தில் விரல் விறைத்துப்போகும் என்பது ஒரு காரணம். வெள்ளைப் பசை, மஞ்சள் பசை போன்ற தச்சுப் பசைகள் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸுக்குக் கீழே சரியாகப் பிடிக்காமல் சுண்ணாம்பு போல வெளுத்துவிடும் என்பது இன்னொன்று. இவற்றைத் தவிர, அவர் திட்டமிடாமலேயே கிடைக்கும் நன்மையும் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் குளிர்ந்த காற்றில் நீர் மிகக் குறைவு. அதைச் சூடாக்கும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீரில் எத்தனை விழுக்காடு அதில் இருக்கிறது என்ற கணக்கு) சடசடவென்று இறங்கி, கராஜ் உலர்ந்துவிடுகிறது. அவருடைய உளிகள் பளபளவென்று இருப்பதற்கு அந்த உலர்வே காரணம்.

நமக்குக் குளிர் கிடையாது. இங்கே இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 பாகைதான். நம் சிக்கல் காற்றிலுள்ள நீர். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் அது 90-ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். விடாமல் பெய்யும் மழையில் 100-ஐத் தொடும். இரும்பில் துரு வேகமெடுக்கும் எல்லை ஏறக்குறைய 60 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், போர்ச்சில் திறந்து வைத்த இழைப்புளி நாளின் பெரும்பகுதியை அந்த எல்லைக்கு மேல்தான் கழிக்கிறது. கையில் ஊறும் வியர்வையின் உப்பும் அதோடு சேர்ந்தால் ஆறு மாதம் என்ன, ஆறு நாளே போதும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரவெல்லாம் மழை பெய்து விடிந்த ஒரு நாளில், காலை ஒன்பது மணி வாக்கில், மேசை ரம்பத்தின் வார்ப்பிரும்புத் தளத்தின் மேல் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். விரல் போன தடம் கறுப்பாகவும், சுற்றியுள்ள பரப்பு மூச்சு பட்ட கண்ணாடி போல மங்கலாகவும் இருக்கும். இரவு 24 பாகைக்குக் குளிர்ந்த இரும்பு, தன் கனத்தால் மெதுவாகத்தான் சூடேறும். வெயில் ஏறியதும் ஈரத்தைச் சுமந்து வரும் வெதுவெதுப்பான காற்று அதன்மேல் பட்டு வியர்க்கிறது. அன்று துடைக்காமல் விட்டால் மாலைக்குள் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிடும்.

இதற்குத் தீர்வு தம்பியின் ஹீட்டருக்குப் பின்னால் இருக்கும் அதே இயற்பியல்தான்; அளவைச் சுருக்க வேண்டும், அவ்வளவே. 27 பாகையில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை, நீரைக் கூட்டாமல் குறைக்காமல் 32 பாகைக்குச் சூடாக்கினால், அதன் ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். வெறும் ஐந்து பாகை போதும். போர்ச் முழுவதையும் ஐந்து பாகை சூடாக்குவது மடமை. அங்கே நிற்கும் மனிதர் வாடிப்போவார். ஆனால் கதவுள்ள ஒரு மர அலமாரிக்குள் ஐந்து பாகை ஏற்ற 20, 25 வாட் மின்சாரமே போதுமானது. பியானோ வைத்திருக்கும் வீடுகளில், அதன் அடிப்பலகைக்குள் ஒரு சூடேற்றும் கம்பி நாள் முழுவதும் எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; பியானோ பழுதுபார்ப்பவர்களிடம் கேட்டால் அதுபோன்ற கம்பி கிடைக்கும். முன்பெல்லாம் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பைப் போட்டு வைப்பார்கள். இன்றைய எல்இடி விளக்கு அந்த வேலைக்கு உதவாது, ஏனெனில் அதில் வெப்பம் மிகக் குறைவு.

கம்பியை அலமாரியின் அடித்தட்டில், மரத்தைத் தொடாதபடி உலோகத் தாங்கியில் பொருத்துங்கள். கதவின் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று சுண்டுவிரல் அளவுத் துளைகள் இடுங்கள். சூடான காற்று மேலெழுந்து ஈரத்தை வெளியே கொண்டுபோக வழி வேண்டும். எண்ணெய்த் துணி, தின்னர், ஸ்பிரே டப்பா எதையும் அந்த அலமாரிக்குள் ஒருநாளும் வைக்காதீர்கள். 25 வாட் கம்பி நாள் முழுவதும் எரிந்தால் மாதத்துக்கு 18 யூனிட் ஆகும். யூனிட்டுக்குச் சுமார் 30 காசு என்று கொண்டால் மாதம் ஐந்தரை வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வாங்கலாமா என்று அடுத்து நீங்கள் கேட்பீர்கள். நான் வாங்கினேன். போர்ச்சைச் சுற்றிக் கான்வாஸ் திரைகளை இறக்கிவிட்டு, நல்ல விலையில் ஒன்றை வாங்கி மூன்று மாதம் ஓட்டினேன். ஒவ்வொரு காலையும் அதன் தொட்டி நிரம்பியிருக்கும். நானும் மகிழ்ச்சியோடு ஊற்றிவிட்டு வருவேன். ஆனால் ஈரமானியின் முள் 75-க்குக் கீழே இறங்கவே இல்லை. திரையின் இடுக்குகள் வழியே வந்துகொண்டே இருந்த வெளிக்காற்றின் நீரைத்தான் அது இறைத்துக்கொண்டிருந்தது. 250 வாட் இயந்திரம் இடைவிடாமல் ஓடினால் மாதம் 180 யூனிட். கதவும் சன்னலும் இறுக மூடும் சிறு அறைக்கு அது மிக நல்ல கருவி. திறந்த போர்ச்சுக்கு அது பயன்படாது. எங்கே வைத்தாலும், அதன் தொட்டியில் நீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரம் போதும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டிய விஷயமல்ல இது.

போர்ச்சை நிலையான சுவர் எழுப்பி அறையாக்கிவிடலாமே என்ற எண்ணமும் வரும். அதற்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளும் கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிகளும் குறுக்கே நிற்கும். தகுதிபெற்ற கட்டடக் கலைஞரிடம் கேட்காமல் ஒரு செங்கல்லையும் வைக்காதீர்கள். விதி அனுமதித்தாலும் நான் மூட மாட்டேன். மரத்தூளை வெளியேற்ற இயற்கை கொடுத்த வசதி அந்தத் திறந்த பக்கம்தான். வீட்டுக்குள் ஸ்டோர் ரூம் இருந்தால், அறுப்பதும் இழைப்பதும் போர்ச்சில், கருவியும் பலகையும் உள்ளே என்று பிரித்துக்கொள்வதே இங்கே பொருந்தும் திட்டம்.

தம்பியின் ஈரத்தடுப்புத் தாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். பிற்காலத்தில் ஏதேனும் ஓர் அறையை மூடி, ஏர்கான் போட்டுப் பட்டறையாக்கினால், அந்தத் தாளை அவர் சொன்ன இடத்தில் ஒட்டிவிடாதீர்கள். ஈரம் எப்போதும் வெப்பமான, ஈரமிக்க பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்தை நோக்கி நகரும். கனடாவின் குளிர்காலத்தில் வெப்பமான பக்கம் வீட்டின் உட்புறம், ஆகவே தாள் உட்புறத்தில் இருக்கிறது. ஏர்கான் ஓடும் சிங்கப்பூர் அறைக்கு வெப்பமான பக்கம் வெளிப்புறம். உட்புறத்தில் தாள் ஒட்டினால் வெளியிலிருந்து வரும் ஈரம் அதன் பின்னால் சிக்கிக்கொண்டு, ஓராண்டுக்குள் சுவருக்குள் பூஞ்சணம் பிடிக்கும். போர்ச்சைப் பொறுத்தவரை வெப்பத்தடுப்பு தேவைப்படும் ஒரே இடம் கூரை: பாலிகார்பனேட் அல்லது தகரக் கூரையின் அடியில் அலுமினியப் படலம் ஒட்டிய தடுப்புப் பலகையைக் கொஞ்சம் காற்றிடைவெளி விட்டுப் பொருத்தினால், பிற்பகல் இரண்டு மணிக்கும் அங்கே நிற்க முடியும்.

மழையை மறந்துவிட வேண்டாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் வந்து அடிக்கும் சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் மழையைக் கிடைமட்டமாகத் தள்ளும். தெருப்பக்கத்திலிருந்து முதல் ஒரு மீட்டர் அகலத்தை நனையும் இடம் என்று எண்ணி, அங்கே இயந்திரமோ மின்பொருளோ வைக்காமல் விடுங்கள். போர்ச்சின் தரை வடிகாலை நோக்கிச் சாய்ந்திருக்கும். என் வீட்டில் மூன்று மீட்டருக்கு நான்கு சென்டிமீட்டர் சரிவு. அதனால் வேலைமேசையின் கால்களில் ஏற்றி இறக்கும் திருகுகள் வைத்து, ரசமட்டம் போட்டுச் சமன் செய்த பிறகே மற்ற வேலை. மேசையின் உயரம், கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது உங்கள் மணிக்கட்டு இருக்கும் அளவுக்கு இருந்தால் இழைப்புளி தள்ளும்போது முதுகு தாங்கும்.

இடத்திட்டம் போடும்போது பெரும்பாலோர் இயந்திரத்தின் அளவைக் கணக்கிடுவார்கள். அதன் வழியே போக வேண்டிய பலகையின் அளவை மறந்துவிடுவார்கள். 2440 மில்லிமீட்டர் நீளமுள்ள முழு பிளைவுட் பலகையை மேசை ரம்பத்தில் அறுக்க வேண்டுமானால், ரம்பத்துக்கு முன்னும் பின்னும் அதே நீளம் வேண்டும். உங்கள் போர்ச்சின் ஐந்தரை மீட்டரும் அதற்கே சரியாகப் போய்விடும். சுங்கை காடுட் பக்கத்து மரக்கடைகளில் சிறு கட்டணத்துக்குப் பலகையை அளவு கொடுத்து அறுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பதால் அந்தப் பெரிய ரம்பமே தேவையில்லை என்பது என் தீர்ப்பு. சிறிய ரம்பம் ஒன்றும், நல்ல கைவாள் இரண்டும் போதும். மிச்சமாகும் பணத்தைத் தூசி இழுக்கும் கருவியில் போடுங்கள். எல்லா இயந்திரங்களையும் பூட்டுள்ள சக்கரங்களில் வைத்து, பட்டறைக்கான அமைப்பைத் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்து, ஒரு வாரம் அதற்குள் நடமாடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். நம்முடைய 13 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்டில் 3 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தரும். 1800 வாட் ரம்பத்தையும் 1200 வாட் தூசி இழுப்பானையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் மாட்டினால் அந்த எல்லை முடிந்துவிட்டது. சுருட்டி வைத்த கம்பியாக இருந்தால் அது உருகவும் கூடும். மின்பெட்டியிலிருந்து பட்டறைக்கெனத் தனிச் சுற்று இழுத்து, மழைநீர் புகாத சாக்கெட்டுகள் பொருத்தச் சொல்லுங்கள். இந்த வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும், அது சட்டம். உங்கள் வீடு 1985-க்கு முன் கட்டப்பட்டிருந்தால், மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2023 ஜூலை முதல் எல்லா வீடுகளுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டு, பழைய வீடுகளுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது; அந்த அவகாசமும் முடிந்துவிட்டது. ஈரத் தரையில் நின்று வேலை செய்யும் நமக்கு அந்தச் சிறு விசையே உயிர்க்காப்பு.

தம்பி பழைய இயந்திரங்களை அனுப்புவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 50 ஹெர்ட்ஸ். வோல்டை மின்மாற்றி வைத்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் இண்டக்‌ஷன் மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும், கூடுதலாகச் சூடாகவும் செய்யும்.

இனி மரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் மனமுடைவது இதில்தான். மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு எப்போதும் ஈரத்தைப் பரிமாறிக்கொண்டிருக்கிறது. 80 விழுக்காடு ஈரக்காற்றில் நீண்ட நாள் கிடந்த மரத்தின் உள்ளீரம் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் நிலைபெறும். 60 விழுக்காட்டில் அது 11-க்கு அருகே வந்துவிடும். உங்கள் போர்ச் முதல் வகை. ஏர்கான் ஓடும் உங்கள் வரவேற்பறை இரண்டாம் வகை. போர்ச்சில் செய்த மேசையைக் கொண்டுபோய் வரவேற்பறையில் போட்டால் என்ன ஆகும்? அதிகம் அசையாத மரம் என்று பெயரெடுத்த தேக்கிலேயே, 600 மில்லிமீட்டர் அகலத்தில் தட்டையாக அறுத்த மேற்பலகை, இந்த ஐந்து விழுக்காட்டு இறக்கத்தில் ஐந்தரை மில்லிமீட்டர் சுருங்கும். அந்தப் பலகையைச் சட்டத்தில் பசைபோட்டு இறுக்கியிருந்தால், ஒரு நள்ளிரவில் துப்பாக்கி வெடித்ததுபோன்ற சத்தத்தோடு அது பிளக்கும்.

எனவே மரம் வாங்கியதும் தோராயமாக அறுத்து, அது கடைசியில் எந்த அறையில் வாழப்போகிறதோ அந்த அறையிலேயே, பலகைகளுக்கிடையே சிறு சட்டங்கள் செருகிக் காற்றோட்டமாக அடுக்கி, சில வாரங்கள் விட்டுவிடுங்கள். இல்லத்தரசியிடம் முன்கூட்டியே சொல்லி இடம் வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் இது. மேற்பலகையைச் சட்டத்தோடு இணைக்கும் திருகுகளுக்கு நீள்துளை இடுங்கள்; பலகை நகரட்டும். நியாத்தோ, மெராந்தி இரண்டும் இங்கே எளிதாகக் கிடைப்பவை. தொடங்குபவருக்கு நியாத்தோவை நான் பரிந்துரைப்பேன், கைக்கருவிக்கு இணங்கி வரும். படகுக்கும் வாசல் நிலைக்கும் பயன்பட்ட ‘செங்கால்’ மரம் (மலாய்ப் பெயர்தான், நம் செங்கல்லோடு தொடர்பில்லை) வைரம் பாய்ந்தது. உளியின் கூர்மை நன்றாகக் கைவந்த பிறகு அதைத் தொடுங்கள். ரப்பர் மரம் வாங்கினால், அதிலிருந்து மாவுபோன்ற பொடி உதிர்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். அது மரத்துளைப்பான் வண்டின் அடையாளம். கரையானுக்காக அடுக்கைத் தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் உயரத்திலும் சுவரிலிருந்து ஓர் உள்ளங்கை இடைவெளியிலும் வையுங்கள். மண்குழாய் ஏறினால் அந்த இடைவெளியில் கண்ணுக்குத் தெரியும்.

வார்னிஷுக்கும் நம் காற்று எதிரி. ஒரு டிசம்பர் மாலை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, மகளுக்காகச் செய்த நியாத்தோப் படிப்புமேசைக்கு லேக்கர் அடித்தேன். கால் மணி நேரத்தில் மேற்பரப்பு முழுவதும் நீராகாரம் ஊற்றியதுபோல் வெண்படலம் படர்ந்தது. லேக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் நீர் அதில் படிந்துவிடுகிறது, ஷெல்லாக்கும் அப்படியே. மறுநாள் முழுவதையும் தேய்த்தெடுக்க வேண்டியதாயிற்று. மழையில்லாத நாளில், பகல் பதினொன்றிலிருந்து மூன்றுவரை என்பதே இங்கே பூச்சுவேலைக்கான நேரம். ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் தன்மை உடையது, நம் வெப்பத்தில் இன்னும் விரைவாக. கொடியில் விரித்துக் காயவிட்டு, விறைப்பான பிறகு எறியுங்கள்.

தூசியை இலேசாக எண்ண வேண்டாம். மரத்தூளை அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995-லேயே சேர்த்துவிட்டது. குறிப்பாக மூக்கறைப் புற்றுநோய். திறந்த போர்ச் என்பதற்காக முகக்கவசம் போடாமல் இருக்காதீர்கள். 2013 புகைமூட்டத்தின்போது நாம் எல்லோரும் வாங்கிப் பழகிய என்95 கவசமே இதற்கும் பொருந்தும். மின்விசிறியை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்து, தூள் தெருப்பக்கம் போகும்படி செய்யுங்கள். ஆனால் அடுத்த வீட்டார் துணி உலர்த்தியிருக்கும் நேரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். கூட்டிய தூளை வடிகாலில் தள்ளாமல் பையில் கட்டிப் போடுங்கள்.

இடைவரிசை வீட்டின் பொதுச்சுவர் வழியே ஒலி நன்றாகவே போகும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் பெருஞ்சத்தப் புதுப்பிப்பு வேலைகளுக்கு வாரநாள் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை என்று வரையறை உண்டு. தரைவீட்டில் இருக்கும் நாமும் அதே நேரத்தை நமக்கு விதித்துக்கொண்டால் அண்டைவீட்டாரின் அன்பு நிலைக்கும். உளியும் கொட்டாப்புளியும் கூட, இரப்பர் பாய் விரித்த மேசையில் பாதிச் சத்தம்தான் போடும்.

முதல் மாதம் எந்தக் கருவியும் வாங்காதீர்கள். இரண்டு ஈரமானிகளை வாங்கி, ஒன்றைப் போர்ச்சிலும் மற்றொன்றை நீங்கள் அலமாரி வைக்க எண்ணும் இடத்திலும் மாட்டி, காலை ஏழு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் எண்களைக் குறித்து வாருங்கள். அதற்குள் இழைப்புளிகளின் துருவை நுண்ணிய எஃகுப் பஞ்சால் தேய்த்தெடுத்து, காமெலியா எண்ணெய் தடவி, வீட்டுக்குள் ஏர்கான் அறையிலேயே வைத்திருங்கள். அங்கிருந்து குளிர்ந்த நிலையில் நேராகப் போர்ச்சுக்குக் கொண்டுவந்தால் உடனே வியர்க்கும், ஆகவே துணியில் சுற்றி அரை மணி நேரம் விட்டுப் பிரியுங்கள். மாத முடிவில் அந்த எண்களை எனக்கு எழுதுங்கள். அலமாரிக்கு எத்தனை வாட் கம்பி வேண்டும், ஸ்டோர் ரூமுக்கு டீஹியூமிடிஃபையர் தேவைப்படுமா என்பதைக் கணக்கிட்டுச் சொல்கிறேன். மின்பணியாளரை அதன் பிறகு அழைக்கலாம்.